கழுத்துக்கு முன் நின்ற கை

கராத்தே வகுப்பில் வீரையன் அண்ணன் வாங்கிய முதல் திட்டு அவர் காலுக்கு விழுந்தது.

முன்னங்காலை மடக்கி, பின்னங்காலை நீட்டி, முஷ்டியை இடுப்பில் வைத்து நிற்கும் நிலை அவருக்கு முதல் நாளே வந்துவிட்டது. தொடை மேல் ஆள் ஏறி நின்றாலும் அசைய மாட்டார். ஆனால் அந்த நிலையிலேயே ஓர் அடி முன்னே போகச் சொன்னால் தடுமாறினார். பாதத்தைத் தரையோடு தேய்த்துக்கொண்டு போகாமல், நேராக மேலே தூக்கி, விரல்களைக் கீழே தொங்கவிட்டு, பிறகு ஊன்றினார்.

"யோவ், காலைச் சேத்துலேருந்தா புடுங்குற?" என்று மாஸ்டர் கத்தினார். "இது சிமெண்டுத் தரை. வழுக்கிக்கிட்டுப் போ."

வரிசையே சிரித்தது. அண்ணனும் சிரித்தார். "பழக்கம் மாஸ்டர். நடவு வயல்ல காலை இழுத்தா நாத்து பூரா பாழாப்போயிடுங்க."

எண்பதுகளின் நடுப்பகுதி அது. சீனச் சண்டைப் படம் வந்தால் மன்னார்குடியில் தியேட்டர் வாசலில் சைக்கிள் நிறுத்த இடம் இருக்காது. மாஸ்டர் செல்லத்துரை மின்வாரியத்தில் லைன்மேன். சென்னையில் இருந்தபோது கற்றுக்கொண்டு வந்தவர். முப்பது வயதுதான் இருக்கும். மூடிக்கிடந்த ரைஸ்மில் ஒன்றின் நெல் காயவைக்கும் களத்தை மாலை நேரத்துக்குக் கேட்டு வாங்கி வகுப்பு நடத்தினார். நான் அப்போது காலேஜில் சேர்ந்திருந்தேன். எங்கள் தெருவில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள். வீரையன் அண்ணனும் அதே தெரு. ஆலங்கொல்லை காலனி. என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். எட்டாவதோடு படிப்பை விட்டுவிட்டு, டவுனில் டிராக்டர் பட்டறையில் வெல்டிங் செய்துகொண்டிருந்தார்.

அவர் கராத்தேக்கு வந்தது படம் பார்த்து இல்லை. அவருடைய அப்பா அய்யாக்கண்ணு, ஆலங்கொல்லை மிராசுதார் துரைக்கண்ணுவின் ஆறு மா நிலத்தை, அதாவது ரெண்டு ஏக்கரைத், தலைமுறையாகக் குத்தகைக்கு உழுதுவந்தார். குத்தகைதாரர் பெயரைப் பதிவு செய்யலாம், செய்துவிட்டால் லேசில் வெளியேற்ற முடியாது என்று சட்டம் வந்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. எங்கள் ஊரில் ஒருத்தர்கூடப் பதிவு செய்யவில்லை. அண்ணன்தான் முதலில் தாலுக்கா ஆபீசுக்குப் போய் மனுக் கொடுத்தார். திரும்பி வரும் வழியில், பாமணி ஆற்றுப் பாலத்துக்கு இந்தப் பக்கம், யாரோ நாலு பேர் சைக்கிளோடு அவரைத் தள்ளி மிதித்துவிட்டுப் போனார்கள். முகத்தில் துண்டு கட்டியிருந்தார்கள்.

"அடிக்கக் கத்துக்கணும்னு இல்லடா," என்று என்னிடம் சொன்னார். "விழாம நிக்கக் கத்துக்கணும்."

தனியாகப் போகக் கூச்சப்பட்டு என்னையும் கூட்டிக்கொண்டு சேர்ந்தார். சேர்ந்த பிறகுதான் பார்த்தோம், எதிர் வரிசையில் நாகநாதன் நின்றுகொண்டிருந்தான். மிராசுதாரின் ஒரே மகன். என்னுடைய காலேஜ்தான். ஊரில் அவனைச் 'சின்னய்யா' என்போம்.

மாஸ்டருக்கு இந்த ஊர்க்கதை எதுவும் தெரியாது. உயரம் பார்த்து ஜோடி சேர்த்தார். வீரையன் அண்ணனும் நாகநாதனும் ஒரே உயரம்.

"ரெண்டு பேரும் மொதல்ல வணங்குங்க," என்றார் மாஸ்டர்.

அண்ணன் வணங்கினார். முதுகு தேவைக்கு மேல் வளைந்தது. கண் தரையில் விழுந்தது. இடது கை தானாக மேலே வந்து, தோளில் இல்லாத துண்டை எடுத்து அக்குளில் செருகப் பார்த்தது. அய்யாக்கண்ணு மிராசு வீட்டுக் கொல்லையில் நிற்பது போலவே இருந்தது. நிமிர்ந்தபோது அண்ணனின் முகம் கறுத்துப் போயிருந்தது. தன் உடம்பு என்ன செய்தது என்று அவருக்கும் தெரிந்துவிட்டது.

மறுநாள் அவர் வணங்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"என்னய்யா, மரியாதை தெரியாதா?"

"வணங்குறதில்லைன்னு முடிவு பண்ணிட்டேன் மாஸ்டர். அடிக்க மட்டும் சொல்லிக்குடுங்க."

"அப்ப வெளிய போ."

அண்ணன் போகவில்லை. மாஸ்டருக்கும் நல்ல மாணவனை விட மனசில்லை. கிட்டே வந்து, எரிச்சலோடுதான் சொன்னார். "நேத்து நீ போட்டது கும்பிடுய்யா. இது வேற. குதிகாலைச் சேரு. கை தொடையில. இடுப்புலேருந்து குனி, கழுத்து வளையக்கூடாது. கண்ணு எதிராளி மேலயே இருக்கணும். தரையைப் பாத்தீன்னா அந்த நேரத்துல அவன் அடிச்சுருவான். அப்புறம் இன்னொண்ணு, நீ வணங்குனா அவனும் வணங்கணும். வணங்கலைன்னா அவன் தொடையை நான் பாத்துக்கிறேன்."

அது வெறும் பேச்சு இல்லை. பதில் வணக்கம் ஒரு நொடி பிந்தினாலும், கால்களை அகட்டி முழங்காலை மடக்கி நிற்கும் குதிரை நிலைதான் தண்டனை. தொடை நடுங்கி ஆள் தானாக உட்காரும் வரை விடமாட்டார். முதல் வாரத்தில் நாகநாதன் அப்படிப் பல தடவை நின்றான். அண்ணன் குனிவார், இவன் பார்த்துக்கொண்டே இருப்பான், மாஸ்டர் விரலை நீட்டுவார். தை மாதம் நெருங்குவதற்குள் பதில் வணக்கம் அவன் உடம்பில் ஏறிவிட்டது. எதிரில் யார் குதிகாலைச் சேர்த்தாலும் அவன் குதிகாலும் சேர்ந்துவிடும்.

இன்னொரு கட்டளையும் உண்டு. குத்து முழு வேகத்தில் போக வேண்டும், ஆனால் தோலைத் தொடக்கூடாது. தொட்டால் ஒரு வாரம் களத்துப் பக்கம் வரக்கூடாது. அண்ணனின் வலது கை காற்றைக் கிழித்துக்கொண்டு போய் நாகநாதனின் கழுத்துக்கு ஒரு விரல் முன்னால் நிற்கும். நாகநாதன் கண்ணை மூடாமல் நிற்கப் பழகியிருந்தான். இருவரும் பேசிக்கொண்டதில்லை. ஊருக்குள் எதிரெதிரே வந்தால் அண்ணன் சைக்கிளை விட்டு இறங்கமாட்டார், அவனும் திரும்பிப் பார்க்கமாட்டான். ஒரே ஒரு நாள் மில் வாசலில் அவன் சொன்னான்: "நம்ம ஜோடியா நிக்கிறது எங்கப்பாவுக்குத் தெரிய வேணாம்."

"எங்கப்பாவுக்கும் தெரியாதுங்க," என்றார் அண்ணன்.

தை பிறந்தது. சம்பா முற்றிச் சாய்ந்தது. எங்கள் ஊரில் குத்தகைக்காரர்கள் அறுப்புக்கு முன்னால் புதுக்கதிர் ஒரு பிடி எடுத்துக்கொண்டு மிராசு வீட்டுக் கொல்லைக்குப் போய், துண்டை அக்குளில் செருகி, குனிந்து நின்று, 'அறுத்துக்கலாங்களா' என்று கேட்க வேண்டும். கேட்காமல் யாரும் அரிவாள் எடுத்ததில்லை. அந்த வருஷம் அய்யாக்கண்ணுவுக்குக் குதிகாலில் ஆணி ஏறிச் சீழ் வைத்திருந்தது. காலை ஊன்ற முடியவில்லை. பதிவு மனுவின் விசாரணை வேறு மாசியில் வருகிறது. அறுப்பு கேட்க யாரும் போகாவிட்டால், குத்தகையை விட்டுவிட்டார்கள் என்று மிராசு சொல்லிவிடலாம். அந்த வெள்ளாமையை யார் அறுக்கிறார்களோ அவர்கள்தான் நிலத்தை அனுபவிக்கிறவர்கள் என்று விசாரணையில் ஆகிவிடும். ஆறு மாவும் போய்விடும்.

"நான் போறேன்," என்றார் அண்ணன்.

அவருடைய அம்மா எல்லையம்மாள் கையில் இருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டாள். "நீ வேணாம்டா. நீ போனா வெள்ளாமை வராது, வம்புதான் வரும்."

"குனிஞ்சுதானே கேக்கணும்? குனியிறேன்."

அய்யாக்கண்ணு மகனை நிமிர்ந்து பார்த்தார். கூலி உயர்வு கேட்டதற்காகக் கிழக்கே ஓர் ஊரில் ஆட்களைக் குடிசைக்குள் அடைத்து நெருப்பு வைத்த கதையை எங்கள் தெருவில் சத்தம் போட்டு யாரும் பேசமாட்டார்கள். அந்தக் கதை அப்போது அவர் கண்ணில் இருந்தது. "யப்பா, ஒரே ஒரு தடவை. எனக்காக," என்றார்.

கதிரை நான் எடுத்துக்கொண்டு கூடப் போனேன். காலை வெயில் ஏறவில்லை. கொல்லையில் மிராசுதார் துரைக்கண்ணு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கட்சிக் கரை வேட்டி. மேடையில் ஏறினால் சமத்துவம் பேசுவார், நன்றாகவே பேசுவார். மாட்டுக்கொட்டகையில் எங்கள் தெருப் பெண் அம்சம் சாணி அள்ளிக்கொண்டிருந்தாள். கிணற்றடியில் நாகநாதன் பல் தேய்த்துக்கொண்டிருந்தான். எங்களைப் பார்த்ததும் அவன் கை நின்றது.

"யாரு, அய்யாக்கண்ணு மவனா? அப்பன் எங்க?"

"கால்ல சீழ் வச்சிருக்குங்க. நடக்க முடியலைங்க."

"தாலுக்கா ஆபீசுக்குப் போவ மட்டும் உங்க குடும்பத்துக்குக் காலு நல்லா நடக்குதேடா."

நான் அண்ணனைப் பார்த்தேன். இப்போது என்ன செய்வார்? குனிவாரா, கையைக் கட்டிக்கொண்டு நிற்பாரா?

அண்ணன் குதிகாலைச் சேர்த்தார். கைகளைத் தொடையில் வைத்தார். இடுப்பிலிருந்து குனிந்தார். கழுத்து வளையவில்லை. கண் மிராசுதாரின் முகத்தை விட்டு நகரவில்லை.

மிராசுதாருக்கு ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. குனிந்திருக்கிறான், குற்றம் சொல்ல முடியாது. ஆனால் இது அவருக்குத் தெரிந்த குனிதல் இல்லை. அத்தோடு முடிந்திருக்கலாம். அவருக்குப் பின்னால் கிணற்றடியில் நாகநாதனின் குதிகால்கள் சேர்ந்தன. கைகள் தொடைக்கு வந்தன. பிரஷ் வாயிலேயே இருக்க, பேஸ்ட் நுரை தாடையில் வழிய, அவனும் இடுப்பிலிருந்து குனிந்து எங்களை வணங்கினான்.

அம்சம் 'களுக்'கென்று சிரித்துவிட்டாள்.

மிராசுதார் திரும்பிப் பார்த்தார். மகன் அப்போதுதான் நிமிர்ந்துகொண்டிருந்தான். "என்னடா பண்ணுன?"

அவன் நுரையை விழுங்கினான்.

"இவன் குனிஞ்சா நீ ஏன்டா குனியிற? எங்கடா படிச்ச இதை?"

அவர் எழுந்து நின்று, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அண்ணனிடம் மெதுவாகச் சொன்னார். கத்தியிருந்தால்கூட அவ்வளவு பயந்திருக்கமாட்டேன். "கதிரை எடுத்துக்கிட்டுப் போ. அந்த ஆறு மாவை நாளைக்கு என் ஆளுவளே அறுத்துக்குவாங்க."

நாங்கள் தெருவுக்கு வருவதற்குள் அம்சம் வாயில் புறப்பட்ட சேதி எங்களுக்கு முன்னால் வந்து நின்றது. சில பேர் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "சின்னய்யா பல்லு வெளக்கிக்கிட்டே கும்பிட்டாராமே!" அய்யாக்கண்ணு சிரிக்கவில்லை.

"ஒரு தடவை குனிஞ்சா என்னடா கொறைஞ்சு போயிடும்?"

"குனிஞ்சேம்பா."

"அதுக்குப் பேரு குனியிறதாடா?"

எல்லையம்மாள் குறுக்கிட்டாள். "பேசி என்ன ஆவப்போவுது. அவன் ஆளு எறங்குறதுக்குள்ள நம்ம அருவா எறங்கணும். யார் யார் வர்றீங்க?"

சிரித்துக்கொண்டிருந்தவர்கள் அடங்கிப் போனார்கள். கேட்காமல் அறுப்பதா? கடைசியில், அய்யாக்கண்ணுவின் சொந்தக்காரப் பெண்கள் பத்துப் பதினைந்து பேர் வந்தார்கள். நானும் போனேன்.

விடிந்தபோது பனி தலையை நனைத்துக்கொண்டிருந்தது. பெண்கள் வடக்கு மூலையிலிருந்து அறுக்கத் தொடங்கினார்கள். அரிவாள் தாளை அறுக்கும் சத்தம் மட்டும். கொஞ்ச நேரத்தில் வாய்க்கால் கரையில் ஆட்கள் வந்தார்கள். வெளியூர் அறுப்பாட்கள் ஒரு கூட்டம், அவர்களுக்கு முன்னால் கம்போடு சிலர். எல்லோருக்கும் முன்னால் நாகநாதன். அவன் கையிலும் மூங்கில் கம்பு. இடது கன்னம் வீங்கியிருந்தது. 'குனிஞ்சவன் நீதானே, நீயே போய் நிமுத்து' என்று மிராசு சொல்லி அனுப்பியதாக அம்சம் பின்னால் சொன்னாள்.

அண்ணன் வரப்பில் போய் நின்றார்.

"ஒதுங்கு வீரையா," என்றான் நாகநாதன்.

"முடியாதுங்க."

"என் நெலமைய புரிஞ்சுக்க. நான் திரும்பிப் போவ முடியாது."

"நானும் முடியாதுங்க."

பின்னாலிருந்து ஒருவன், "என்ன சின்னய்யா, மறுபடி கும்புடப் போறியளா?" என்றான். கம்புக்காரர்கள் சிரித்தார்கள்.

நாகநாதன் கம்பை ஓங்கினான். அண்ணனின் தலைக்குத்தான் வந்தது. அண்ணனின் இடது முன்கை மேலே எழுந்து தடுத்தது, களத்தில் எத்தனையோ மாலை செய்தது போலவே. ஆனால் களத்தில் எதிரே வந்தது வெறும் கை. காய்ந்த கரும்பை முறிப்பது போல ஒரு சத்தம் கேட்டது. அதே மூச்சில் அண்ணனின் வலது கை இடுப்பிலிருந்து புறப்பட்டது. எனக்கு அது தெரியும், அதன் வேகம் தெரியும். நாகநாதனின் கழுத்து எலும்பு போய்விட்டது என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

திறந்தபோது முஷ்டி அவன் கழுத்துக்கு ஒரு விரல் முன்னால் நின்றுகொண்டிருந்தது. நாகநாதன் கண்ணை மூடவில்லை. அண்ணனின் இடது கை முழங்கைக்குக் கீழே வேறு பக்கம் தொங்கியது. பிறகு நாகநாதனின் கையிலிருந்து கம்பு நழுவி வரப்பில் விழுந்து உருண்டது.

எல்லையம்மாள் அலறிக்கொண்டு ஓடி வந்தாள். "அம்மா, அறு!" என்று அண்ணன் கத்தினார். "நிறுத்தாத, அறு!"

அவள் அழுதுகொண்டே குனிந்து அறுத்தாள். வெளியூர் அறுப்பாட்கள் வரப்பில் உட்கார்ந்துவிட்டார்கள். "எலும்பு முறிஞ்ச வயல்ல நாங்க அருவா வைக்கமாட்டோம்," என்றாள் அவர்களில் மூத்தவள் ஒருத்தி. கம்புக்காரர்கள் யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் நின்றார்கள். பொழுது சாய்வதற்குள் ஆறு மாவும் கட்டுக் கட்டாக எங்கள் தெருவின் நெல்லடிக்கும் களத்துக்குப் போய்விட்டது.

போலீஸ் வந்தது. ஒருவர் அண்ணனைச் சுற்றிச் சுற்றி வந்து, "கராத்தேக்காரனாமே, நீ யாரை அடிச்ச?" என்று கேட்டார். அடி வாங்கியவன் எதிர்த்தரப்பில் ஒருவன்கூட இல்லை. நாகநாதன் மேல் சின்னக் கீறல் இல்லை. முறிந்திருந்தது அண்ணனின் கைதான், முறித்தது மிராசு மகன் என்பதற்கு வயல் நிறையச் சாட்சி. புகார் எழுதினால் நாகநாதன் காலேஜைவிட்டுக் கோர்ட்டுக்கு நடக்க வேண்டும்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டோடு படுத்திருந்த அண்ணனைப் பார்க்க மிராசுதாரின் கட்சிக்காரர் ஒருவர் ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார். புகார் வேண்டாம், விசாரணையில் மிராசு ஆட்சேபணை சொல்லமாட்டார், அய்யாக்கண்ணு பெயரைப் பதிந்துகொள்ளலாம் என்றார். அண்ணன் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தார்.

அய்யாக்கண்ணு நொண்டிக்கொண்டே கட்டிலருகே போனார். "கை கூடிரும்டா," என்றார். "நெலம் போனாக் கூடாது."

அண்ணன் சரியென்று தலையை ஆட்டினார். மாசியில் பெயர் பதிவாயிற்று. எங்கள் ஊரில் பதிவான முதல் குத்தகை அதுதான். அதற்குப் பிறகு இன்னும் சிலர் மனுக் கொடுத்தார்கள்.

கட்டுப் பிரித்ததும் அண்ணன் வகுப்புக்கு வந்தார். இடது கை முழுசாக நீளவில்லை. நாகநாதன் வருவதை நிறுத்தியிருந்தான், தஞ்சாவூரில் வேறு காலேஜில் சேர்த்துவிட்டார்கள். மாஸ்டர் எல்லோரையும் உட்காரவைத்து, அண்ணனை முன்னால் நிறுத்தினார்.

"பாத்துக்கங்க. கை முறிஞ்சிருக்கு, உசுரு போற வலி. அப்பவும் குத்து தோலுக்கு முன்னால நின்னுருக்கு. இதான் கராத்தே. இதைவிட ஒரு நல்ல அடியை நான் பாத்ததில்லை."

"அது அடியே இல்ல மாஸ்டர்," என்றார் அண்ணன். வெளியே போய் சைக்கிளை எடுத்தார். அதற்குப் பிறகு அவர் அந்தக் களத்துக்கு வரவே இல்லை.

வழியில் என்னிடம் கேட்டார். "நீ பக்கத்துலதானே நின்ன. நான் அன்னிக்கி அவனை அடிக்கணும்னுதான்டா கையை வீசுனேன். நிறுத்தணும்னு நெனைக்கவே இல்லை. தானா நின்னுச்சு. நிறுத்துனது மாஸ்டர் பழக்குன பழக்கமா, இல்ல எங்கப்பன் பாட்டன் ஒடம்புல வச்சுட்டுப் போன பயமா?"

பழக்கம்தான் என்று சொல்லியிருக்கலாம். அவர் கேட்க விரும்பியதும் அதுவாகவே இருக்கலாம். ஆனால் பல் தேய்த்தபடி குனிந்த நாகநாதனின் உடம்பைப் பழக்கம் என்று விளக்குவது போல அவ்வளவு சுலபமாக இதை விளக்க எனக்கு வரவில்லை. கை நின்றதால்தான் அண்ணன் மேல் வழக்கு வரவில்லை, வழக்கு வராததால்தான் நிலம் நின்றது. நல்லதுதான் நடந்தது. நல்லது நடந்துவிட்டால், அது எதனால் நடந்தது என்று கேட்கக்கூடாதா? இந்த இரண்டில் எது என்று அவருக்கே தெரியாதபோது, வரப்பில் கண்ணை மூடிக்கொண்டு நின்ற நான் என்ன சொல்வது? சைக்கிளை மிதித்தேன்.

அந்த வருஷ ஆடியில் அந்த ஆறு மாவில் குறுவைப் பயிர் நின்றது. ஒரு நாள் அண்ணனைப் பார்க்கப் போயிருந்தேன். வீட்டுக்குப் பின்னால் பூவரசு மரத்தில் உமி மூட்டை ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டு, வலது கையால் குத்திக்கொண்டிருந்தார். முஷ்டி மூட்டைக்கு முன்னால் நிற்கவில்லை. ஒவ்வொரு குத்தும் உள்ளே புதைந்தது. விரல் முட்டியில் தோல் உரிந்திருந்தது.

"பாத்தியா, இதுல நிக்கவே மாட்டேங்குது," என்றார்.

"மூட்டைதானே அண்ணே."

"ஆமா," என்று மறுபடி குத்தினார். "மூட்டைக்கு அப்பன் யாருன்னு எனக்குத் தெரியாதுல்ல."

அடுத்த குத்தில் தையல் விட்டுப்போய் உமி சரசரவென்று கொட்டியது. உள்ளேயிருந்து எல்லையம்மாள் எட்டிப்பார்த்துக் கத்தினாள். "அடப்பாவி, அடுப்புக்கு வச்சிருந்த உமிடா அது! அள்ளுங்கடா ரெண்டு பேரும்!"

நான் குனிந்து அள்ளத் தொடங்கினேன். அண்ணன் கிழிந்த மூட்டையை இழுத்துப் பிடித்து, அதில் இன்னும் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று கையைவிட்டுத் துழாவிக்கொண்டிருந்தார்.